பெயருக்குள் உறையும் சூழல்: லெட்ஹில்ஸ் – வான்லாக்ஹெட் சுரங்கப் பகுதியின் இரண்டாம்நிலை ஈயக் கனிமங்கள்

ஆய்வுச் சுருக்கம்

ஸ்காட்லாந்தின் தென்பகுதியிலுள்ள லெட்ஹில்ஸ் – வான்லாக்ஹெட் பழஞ்சுரங்கப் பகுதி, அரிய இரண்டாம்நிலை ஈயக் கனிமங்கள் பல முதன்முதலில் இனங்காணப்பட்ட இடமாகும். கலீனா என்னும் ஈய சல்பைடு காற்றோடும் நீரோடும் வினைபுரிந்து மாறும் வழிகள் அங்கே பல கிளைகளாகப் பிரிகின்றன. ஒவ்வொரு கிளையும் வெப்பநிலை, காரத்தன்மை, கார்பன் டைஆக்சைடின் அளவு ஆகியவற்றைச் சார்ந்தது. ஆகவே ஒரு கனிமத்துக்கு இடப்படும் பெயர், அது தோன்றிய சூழலைப் பற்றிய கூற்றாகவும் அமைகிறது. வேதி இயைபை மட்டும் கொண்டு பெயரிட்டால் அச்சான்று அழிந்துபோகும் என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: லெட்ஹில்லைட்டு, சூசன்னைட்டு, மெக்பர்சனைட்டு, ஸ்காட்லாந்தைட்டு, பிளம்போநாக்ரைட்டு, பல்லுருவத் தன்மை, ஆக்சிசனேற்ற மண்டலம்.

முன்னுரை

தமிழில் ஈயம் என்னும் சொல் இரு உலோகங்களைக் குறித்து வழங்குகிறது. சமையலறையின் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. சுரங்கத்திலிருந்து எடுத்து உருக்கப்படும் கனத்த உலோகம் காரீயம். இக்கட்டுரையில் ஈயம் என்று வருமிடமெல்லாம் காரீயத்தையே குறிக்கும். பொருள்கள் வேறாக இருக்கப் பெயர் ஒன்றாக இருப்பதனால் நேரும் குழப்பம் நமக்குப் பழகியதே. கனிமவியலில் இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ஒரே வேதி இயைபு கொண்ட மூன்று பொருள்களுக்கு மூன்று பெயர்கள் தேவைப்படுகின்றன. அவ்வாறு தேவைப்படுவது ஏன் என்பதற்கு லெட்ஹில்ஸ் பகுதியைவிடச் சிறந்த சான்று காண்பது அரிது.

ஈயத்தின் இரண்டாம்நிலைக் கனிமங்களைக் கற்பிக்கும்போது கலீனா ஆங்கிள்சைட்டாகி, ஆங்கிள்சைட்டு செருசைட்டாகிறது என்று ஒரே நேர்கோடாகச் சொல்லிவிடுவது வழக்கம். அது பிழையன்று, எனினும் குறையுடையது. அந்நேர்கோட்டிலிருந்து விலகிச் செல்லும் கிளைகளே இப்பகுதிக்குச் சிறப்பைத் தந்தன.

இடமும் சுரங்கமும்

லெட்ஹில்ஸ் என்ற ஊர்ப்பெயரின் பொருளே ஈயக் குன்றுகள் என்பதாகும். லானர்க்ஷயரின் தென்கோடியில் லௌதர் குன்றுகளுக்கிடையே அவ்வூர் உள்ளது. அதனையடுத்து, டம்ஃபிரீஸ் எல்லைக்குள் வான்லாக்ஹெட் அமைந்துள்ளது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 460 மீட்டர் உயரத்திலுள்ள வான்லாக்ஹெட்டே ஸ்காட்லாந்தின் மிக உயரமான சிற்றூராகக் கருதப்படுகிறது. ஆர்டோவீசியன் காலத்தைச் சேர்ந்த கிரேவாக் என்னும் கரடுமுரடான மணற்பாறைகளும் களிப்பாறைகளும் இங்குள்ளன. அவற்றின் பிளவுகளில் தாதுநாளங்கள் செங்குத்தாக ஓடுகின்றன. கலீனாவும் ஸ்பேலரைட்டும் அவற்றின் முதன்மைத் தாதுக்கள். குவார்ட்ஸ், கால்சைட்டு, டோலமைட்டு, பேரைட்டு ஆகியவை உடன் காணப்படும் பயனில் கனிமங்கள். இப்பயனில் கனிமங்களை நினைவில் வைக்க வேண்டும். பின்னர் நிகழும் வேதிவினைகளின் போக்கை அவையே பெரிதும் தீர்மானிக்கின்றன.

இங்கு ஈயம் எடுக்கப்பட்டதற்கு 13ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆவணச் சான்றுகள் உள்ளன. பெருமளவிலான சுரங்கத் தொழில் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் முடிவுற்றது. கணிதத்தில் தொடர்பெருக்கத்தின் தோராய மதிப்பைக் காண உதவும் சூத்திரத்தால் அறியப்படும் ஜேம்ஸ் ஸ்டர்லிங், 1730கள் முதல் லெட்ஹில்ஸ் சுரங்க நிறுவனத்தின் மேலாளராகப் பணியாற்றினார். 1741இல் இங்குள்ள சுரங்கத் தொழிலாளர்கள் சந்தா செலுத்தித் தமக்கென ஒரு நூலகம் அமைத்துக்கொண்டனர். 1756இல் வான்லாக்ஹெட்டும் அதனைப் பின்பற்றியது. கனிமத்துக்கும் நூலகத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆயினும் படிப்பறிவுடைய தொழிலாளர் வாழ்ந்த ஓரிடத்திலிருந்து, உருக்காலைக்குப் பயன்படாத அழகிய படிகங்கள் சேகரிப்பாளர் கைகளுக்குச் சென்று சேர்ந்ததில் வியப்பில்லை.

கலீனா மாறும் வழி

நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே, காற்றும் மழைநீரும் ஊடுருவும் பகுதியை ஆக்சிசனேற்ற மண்டலம் என்பர். அங்கே கலீனாவிலுள்ள சல்பைடு, ஆக்சிசனோடு சேர்ந்து சல்பேட்டாகிறது. விளைபொருள் ஈய சல்பேட். அதன் கனிமப் பெயர் ஆங்கிள்சைட்டு. 25 °செ. வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 40 மில்லிகிராம் ஈய சல்பேட் மட்டுமே கரையும். ஆகவே அது கலீனாவின்மேல் சாம்பல்நிறப் படலமாகப் படிந்து, உள்ளிருக்கும் தாதுவை மேலும் சிதையாமல் காக்கிறது. மாதிரிகளை உடைத்துப் பார்க்கையில் நடுவில் பளபளக்கும் கலீனாவும், அதனைச் சுற்றி மங்கிய ஆங்கிள்சைட்டு வளையமும் தென்படுவது இதனால்தான்.

நீரில் கார்பனேட் இருப்பின் நிலைமை மாறுகிறது. ஈய சல்பேட்டின் கரைதிறன் பெருக்கம் ஏறத்தாழ 10-இன் −7.8 அடுக்கு, ஈய கார்பனேட்டுக்கு அது −13.1 அடுக்கு. சல்பேட்டைக் காட்டிலும் கார்பனேட் வடிவமே எளிதில் வீழ்படிவாகும் என்பது இதனால் விளங்கும். கால்சைட்டும் டோலமைட்டும் கரைந்து நீருக்குக் கார்பனேட்டை அளிக்க, ஆங்கிள்சைட்டின் புறப்பகுதி செருசைட்டாக மாறுகிறது. அதே வேளையில், பைரைட்டு போன்ற சல்பைடுகளிலிருந்து வரும் அமிலமும் நடுநிலையாக்கப்படுகிறது. பயனில் கனிமம் என்ற பெயரைச் சுரங்கப் பொருளாதாரமே அவற்றுக்குச் சூட்டியது. வேதியியல் நோக்கில் அப்பெயர் பொருந்தாது.

இதுவரை சொன்னது பாடநூலின் நேர்கோடு. கார்பன் டைஆக்சைடு எளிதில் எட்டாத சிறு குழிகளில், காரத்தன்மை சற்றே மிகும்போது என்ன நேரும்? ஆங்கே ஈயம் ஹைட்ராக்சைடையோ ஆக்சைடையோ தன் படிகத்துள் சேர்த்துக்கொள்கிறது. கார்பனேட்டும் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் ஹைட்ரோசெருசைட்டு. சல்பேட்டும் ஆக்சைடும் சேர்ந்தால் லானர்கைட்டு. சல்பேட், கார்பனேட், ஹைட்ராக்சைடு ஆகிய மூன்றும் ஒருங்கே சேர்ந்தால் லெட்ஹில்லைட்டு. அருகில் செம்புத் தாதுவும் சிதைந்துகொண்டிருந்தால் நீலமும் பசுமையும் கொண்ட வேறொரு கூட்டம் தோன்றுகிறது. கார்பனேட் கலவாத கருநீல லினரைட்டும், கார்பனேட் கலந்த நீலப்பச்சைக் கலிடோனைட்டும் அதில் அடங்கும். ஒரு தாதுநாளத்தில், சில சென்டிமீட்டர் இடைவெளியில், இவற்றுள் இரண்டு மூன்று ஒன்றாகக் கிடைப்பதும் உண்டு. நீரின் இயல்பு அவ்வளவு குறுகிய தொலைவுக்குள் வேறுபட்டிருந்தது என்பதே அதன் பொருள். பீட்டர் வில்லியம்ஸ் 1990இல் வெளியிட்ட ஆக்சைடு மண்டலப் புவிவேதியியல் நூல், இத்தகைய கனிமங்களின் நிலைப்பு எல்லைகளை வெப்ப இயக்கவியல் அடிப்படையில் வகுத்துக் காட்டியது. அதன்பின் கனிமப் பட்டியலைச் சூழல் பற்றிய வரைபடமாக வாசிப்பது எளிதாயிற்று.

புரூக்கின் மூன்று கனிமங்கள்

லெட்ஹில்ஸ் கனிமங்களை அறிவியல் உலகுக்கு முதலில் பிரித்துக் காட்டியவர் ஹென்றி ஜேம்ஸ் புரூக். அவர் கம்பளி வணிகத்தில் ஈடுபட்டிருந்தவர். படிகவியல் அவருக்கு விருப்பத்துறை. 1820இல் அவர் மூன்று ஈயக் கனிமங்களை விவரித்தார். அவற்றுக்குத் தனிப்பெயர் சூட்டாமல், இயைபையே பெயராக்கினார். ஈயத்தின் சல்பேட்-கார்பனேட், ஈயத்தின் சல்பேட்-முக்கார்பனேட், செம்பு கலந்த சல்பேட்-கார்பனேட் என்பன அப்பெயர்கள். 1832இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் பூதான், இம்மூன்றுக்கும் இடப்பெயர்களைச் சூட்டினார். அவை முறையே லானர்கைட்டு, லெட்ஹில்லைட்டு, கலிடோனைட்டு என்றாயின. முதலாவது மாவட்டத்தின் பெயர். இரண்டாவது ஊரின் பெயர். மூன்றாவது ஸ்காட்லாந்தின் பழைய இலத்தீன் பெயர்.

இயைபைச் சொல்லும் பெயரே அறிவியல் முறைக்கு ஏற்றது, ஊர்ப்பெயர் வெறும் அடையாளம் என்று ஒருவர் வாதிடலாம். புரூக்கின் பெயர்களுக்கு நேர்ந்தது அவ்வாதத்துக்கு விடையளிக்கிறது. அவர் சல்பேட்-கார்பனேட் என்றழைத்த லானர்கைட்டில் கார்பனேட்டே இல்லை. அது ஈய ஆக்சைடும் ஈய சல்பேட்டும் இணைந்த பொருள் என்பது பின்னர் தெளிவாயிற்று. லெட்ஹில்லைட்டில் அவர் கண்ட சல்பேட்டும் கார்பனேட்டும் உண்மையே. எனினும் நான்கு ஈய அணுக்களுக்கு ஒரு சல்பேட், இரு கார்பனேட், இரு ஹைட்ராக்சில் என்பதே இன்று ஏற்கப்பட்ட இயைபு. மூன்றாவது கார்பனேட்டாக அவர் எண்ணியதன் இடத்தில் இருந்தது ஹைட்ராக்சில். அன்றைய கருவிகளைக் கருதினால் இதனைக் குறையாகச் சொல்வது முறையாகாது. இயைபைப் பெயராகக் கொண்டிருந்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பெயரையே மாற்ற நேர்ந்திருக்கும். ஊர்ப்பெயரோ அத்திருத்தங்களையெல்லாம் தாங்கி நின்றது.

லெட்ஹில்லைட்டை அறிய அக்காலத்து ஆய்வாளர் கையாண்ட எளிய சோதனை இன்றும் பயனுடையது. நைட்ரிக் அமிலத் துளி பட்டவுடன் அது நுரைத்து வினைபுரியும். நுரை அடங்கிய பின் கரையாத வெண்ணிற எச்சம் நிற்கும். நுரை கார்பனேட்டுக்குச் சான்று; எச்சம் சல்பேட்டுக்குச் சான்று. செருசைட்டாயின் எச்சமின்றிக் கரையும். ஆங்கிள்சைட்டாயின் நுரை எழாது. கள ஆய்வில் லினரைட்டை அதனைப் போன்ற நீலநிற அசுரைட்டிலிருந்து பிரித்தறியவும் இத்தகைய சோதனை உண்டு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அசுரைட்டு நுரைக்கும். லினரைட்டோ ஈய குளோரைடு படிந்து மேற்பரப்பில் வெண்மையாகும்.

ஓர் இயைபு, மூன்று படிகங்கள்

அமிலச் சோதனைக்கு எட்டாத சிக்கல் ஒன்று 1845இல் தொடங்கியது. லெட்ஹில்ஸின் சூசன்னா தாதுநாளத்திலிருந்து கிடைத்த சில படிகங்கள், லெட்ஹில்லைட்டின் இயைபையே கொண்டிருந்தும் வடிவில் வேறுபட்டிருந்தன. ஹைடிங்கர் அவற்றைத் தனியினமாகப் பிரித்துச் சூசன்னைட்டு எனப் பெயரிட்டார். அவை உண்மையில் தனியினமா, அல்லது இரட்டைப் படிகமான லெட்ஹில்லைட்டேயா என்னும் ஐயம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. ஐயத்துக்குக் காரணம் உண்டு. லெட்ஹில்லைட்டு ஒற்றைச்சரிவு அமைப்பைச் சேர்ந்தது. எனினும் அதன் சரிவுக் கோணம் 90 பாகையிலிருந்து மிகச் சிறிதே விலகுகிறது. படிகத் தகடுகள் அறுகோணம் போலவே தோன்றுகின்றன. சூசன்னைட்டோ உண்மையிலேயே மும்மடிச் சமச்சீர் உடைய முக்கோண அமைப்பு. கண்ணால் நோக்கி இவ்விரண்டையும் பிரிப்பது நம்பத்தக்கதன்று.

1984இல் மூன்றாவது உருவம் ஒன்றும் சேர்ந்தது. எடின்பரோவிலிருந்த ஸ்காட்லாந்து அரச அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அலெக் லிவிங்ஸ்டன், ஹாலில் சார்ப் என்பவருடன் இணைந்து, செஞ்சாய்சதுர அமைப்புடைய மெக்பர்சனைட்டை விவரித்தார். லெட்ஹில்ஸிலும் பிரான்சின் செயின்ட்-பிரிக்ஸ் என்னுமிடத்திலும் அது இனங்காணப்பட்டது. அருங்காட்சியகக் கனிமப் பிரிவின் காப்பாளராக இருந்த மெக்பர்சனின் பெயரே அதற்கு இடப்பட்டது. அதே ஆண்டில் வெளியான அகச்சிவப்பு நிறமாலை ஆய்வொன்று, மூன்று உருவங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று தெளிவாகப் பிரிக்க இயலும் என்று காட்டியது. மூன்றிலும் ஈய சல்பேட்டும் ஈய கார்பனேட்டும் ஏடேடாக அடுக்கப்பட்டுள்ளன. அவ்வேடுகள் ஒன்றின்மேல் ஒன்று அமரும் முறையும், சல்பேட் தொகுதிகளின் திசையும்தான் வேறுபடுகின்றன.

ஒளியியல் நுண்ணோக்கி உள்ள எந்த ஆய்வகமும் முதற்கட்டப் பகுப்பைச் செய்துகொள்ளலாம். சூசன்னைட்டு ஒற்றை ஒளியச்சு உடையது. லெட்ஹில்லைட்டு இரட்டை ஒளியச்சு உடையது. ஆனால் அச்சுகளுக்கிடையிலான கோணம் சுமார் 10° மட்டுமே. மெக்பர்சனைட்டில் அக்கோணம் 35° அளவில் உள்ளது. முடிவான தீர்ப்புக்கு எக்ஸ் கதிர் விளிம்பு விளைவோ அகச்சிவப்பு நிறமாலையோ வேண்டும். நுண்பகுப்புக் கருவி வழியே தனிமங்களின் விழுக்காட்டை மட்டும் அளந்து லெட்ஹில்லைட்டு என எழுதுவது, மூவரில் ஒருவரை ஊகத்தால் சுட்டுவதற்கு ஒப்பாகும்.

பிழையான பெயரால் இழப்பு என்ன என்று கேட்கலாம். லெட்ஹில்லைட்டை ஆய்வகத்தில் மெல்லச் சூடாக்கினால், சுமார் 80 °செ. வெப்பநிலையில் அது சூசன்னைட்டின் அமைப்புக்கு மாறுகிறது; ஆறும்போது பழைய அமைப்புக்குத் திரும்புகிறது. ஃபுளோரன்ஸ் ஆய்வாளர்களான பிந்தியும் மென்கெத்தியும் 2005இல் ஒற்றைப் படிகத்தைச் சூடாக்கியவாறே எக்ஸ் கதிரால் ஆராய்ந்து இம்மாற்றத்தைப் படிப்படியாகப் பதிவு செய்தனர். அப்படியாயின் சூசன்னைட்டு என்ற பெயர் வெப்பநிலை பற்றிய ஒரு கூற்றையும் தன்னுள் கொண்டுள்ளது. லௌதர் குன்றுகளின் குளிர்ந்த நிலத்தடி நீரில் 80 °செ. எங்கிருந்து வந்தது? சல்பைடுகளின் ஆக்சிசனேற்றம் வெப்பம் உமிழும் வினை. மூடிய இடுக்குகளில் அவ்வெப்பம் சேர்ந்திருக்கலாம். அல்லது சூசன்னைட்டு தனக்குரிய வெப்பநிலைக்குக் கீழேயே, நிலையற்ற உருவமாகப் படிந்து அப்படியே தங்கியிருக்கலாம். இவ்விரு விளக்கங்களுள் எதனை ஏற்பது என்பது, ஒரு மாதிரியில் எவ்வுருவம் எதன்மேல் வளர்ந்துள்ளது என்னும் வரிசையைப் பொறுத்தது. பெயர் ஊகமாக இடப்பட்டிருந்தால் அவ்வரிசையை வாசிக்கவே முடியாது.

இதிலிருந்து ஒரு நடைமுறை எச்சரிக்கையும் பெறப்படுகிறது. மாதிரிகளைப் பிசினில் பதிக்கும்போதும் தகடுகளாகத் தேய்க்கும்போதும் 80 °செ. என்பது எளிதில் எட்டிவிடும் வெப்பநிலை. அடுப்பில் உலர்த்திய தூளை ஆராய்ந்துவிட்டு, அதுவே தாதுநாளத்தில் இருந்த உருவம் என எழுதுவோர் அவ்வெப்பநிலையையும் உடன் குறிப்பிடுதல் வேண்டும்.

பாதிவழியில் நின்ற கந்தகம்

சல்பைடு, சல்பைட்டு என்னும் இரு சொற்களைத் தமிழில் ஓர் ஒற்றெழுத்தே பிரிக்கிறது. அச்சுப்பிழை நேர்ந்தால் வேதியியலே மாறிவிடும். கலீனாவிலுள்ள சல்பைடில் கந்தகத்தின் ஆக்சிசனேற்ற எண் −2. சல்பேட்டில் அது +6. இடையில் +4 என்னும் நிலையில் நிற்பது சல்பைட்டு. காற்று பட்ட நீரில் சல்பைட்டு நெடுநேரம் தங்குவதில்லை, விரைவில் சல்பேட்டாகிவிடும். எனவே இயற்கையில் சல்பைட்டுக் கனிமம் கிடைக்கும் என எதிர்பார்க்கக் காரணமில்லை.

1984இல் சூசன்னா தாதுநாளத்து மாதிரிகளிலிருந்து ஈய சல்பைட்டு விவரிக்கப்பட்டது. இயற்கையில் கண்டறியப்பட்ட முதல் சல்பைட்டுக் கனிமம் அதுவே. நாட்டின் பெயரால் ஸ்காட்லாந்தைட்டு எனப்பட்டது. பேரைட்டின் குழிகளில், லானர்கைட்டு, சூசன்னைட்டு ஆகியவற்றின் துணையோடு, வெளிறிய மஞ்சளும் நிறமின்மையும் கொண்ட சிறு தகட்டுப் படிகங்களாக அது இருந்தது. அத்துணைக் கனிமங்களை நோக்க வேண்டும். லானர்கைட்டு, கார்பன் டைஆக்சைடு குறைந்த காரச் சூழலைச் சுட்டுவது. காற்று தாராளமாகப் புகாத அத்தகைய குழியில், கந்தகம் முழுமையாக ஆக்சிசனேற்றம் அடையும் முன்பே ஈயம் அதனைக் கரையாத திண்மமாகப் பிடித்து வைத்திருக்கிறது. மாதிரியைத் தனிப் படிகமாகப் பிரித்தெடுத்து, சுற்றியிருந்தவற்றை அப்புறப்படுத்தியிருந்தால் இவ்விளக்கத்துக்கு இடமே இருந்திராது. அதே தாதுநாளத்திலிருந்து 1986இல் செனைட்டு என்னும் வான்நீல ஈய-செம்புச் சல்பேட்டும் விவரிக்கப்பட்டது.

பாறை அளித்தவை: பாஸ்பரசும் வனேடியமும்

சில கனிமங்களுக்குத் தேவையான தனிமம் தாதுவில் இருப்பதில்லை. சுற்றுப்பாறையும் மண்ணும் அதனை அளிக்கின்றன. பைரோமார்பைட்டு ஈயத்தின் குளோரோபாஸ்பேட். வனேடினைட்டில் பாஸ்பேட்டின் இடத்தில் வனேடேட் அமர்கிறது. 1987இல் விவரிக்கப்பட்ட மேட்ஹெடிலைட்டில் அவ்விடத்தைச் சிலிகேட்டும் சல்பேட்டும் பகிர்ந்துகொள்கின்றன. மூன்றும் அபடைட்டின் படிகச் சட்டகத்தையே கொண்டவை. மேட்ஹெடிலைட்டு என்ற பெயர், ஸ்காட்லாந்தின் கனிமங்களை நாடெங்கும் நடந்து தொகுத்த மேத்யூ ஃபார்ஸ்டர் ஹெடிலை (1828–1897) நினைவூட்டுகிறது.

வனேடியத்தின் வரலாற்றில் வான்லாக்ஹெட்டுக்கு ஓரிடம் உண்டு. 1801இல் மெக்சிகோவின் சிமாபான் ஈயத்தாதுவில் டெல் ரியோ அத்தனிமத்தைக் கண்டார். பிறர் மறுத்துரைக்கத் தம் முடிவைக் கைவிட்டார். 1830இல் சுவீடனின் செஃப்ஸ்ட்ரோம் இரும்பில் அதனை மீண்டும் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே ஜேம்ஸ் ஜான்ஸ்டன், வான்லாக்ஹெட்டில் கிடைத்த ஈயக் கனிமத்தில் வனேடியம் இருப்பதை வெளியிட்டார். புதிய தனிமம் ஒன்று பெயர்பெற்ற சில மாதங்களுக்குள் பழைய சுரங்கம் ஒன்றில் அகப்பட்டது.

பைரோமார்பைட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; அதன் பயன் சுரங்கத்துக்கு வெளியே உள்ளது. அதன் கரைதிறன் பெருக்கம் ஏறத்தாழ 10-இன் −84 அடுக்கு. ஒரு வாய்பாட்டு அலகில் ஒன்பது அயனிகள் இருப்பதால் இவ்வெண்ணைச் செருசைட்டின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடலாகாது. எனினும் பாஸ்பேட் கிடைக்கும் சூழலில் பிற ஈயக் கனிமங்களிலிருந்து ஈயத்தை ஈர்த்து நிலைபெறுவது இதுவே. ஈயம் கலந்த மண்ணில் பாஸ்பேட் இடும் சீர்திருத்த முறை இவ்வடிப்படையில் அமைந்தது. ஈயக் குழாய்களின் உட்புறத்திலும் இதே வேதியியல் நிகழ்கிறது. கிளாஸ்கோ நகருக்குக் கேட்ரின் ஏரியிலிருந்து வரும் மென்னீர், பழைய ஈயக் குழாய்களைக் கரைத்துக் குடிநீரில் ஈயத்தைக் கலந்தது. முதலில் சுண்ணாம்பு சேர்த்து நீரின் காரத்தன்மையை உயர்த்தினர். பின்னர் ஆர்த்தோபாஸ்பேட் சேர்த்தனர். குழாயின் உட்சுவரில் செருசைட்டும் ஹைட்ரோசெருசைட்டும் படிவதா, பாஸ்பேட் படிவதா என்பதே அங்கு கேள்வி. கனிமவியலாளர் தாதுநாளத்தில் எழுப்பும் அதே கேள்வி, அங்கே குழந்தைகளின் உடல்நலம் பற்றியதாகிறது.

கழிவுக்குவியலும் கசடும்

மேற்கண்டவற்றுள் எவை சுரங்கம் தோண்டப்படுவதற்கு முன் உருவானவை, எவை பின்னர் உருவானவை? இவ்வையம் பழஞ்சுரங்கப் பகுதிகள் அனைத்துக்கும் உரியது. சுரங்கம் திறக்கப்பட்டதும் காற்று உட்புகுகிறது, நீர்மட்டம் தாழ்கிறது, கழிவுக்குவியலில் புதைந்த கலீனா மழையில் நனைகிறது. உருக்காலைக் கசட்டின் துளைகளிலும் ஈயக் கனிமங்கள் வளர்கின்றன. லானர்கைட்டு கசட்டில் தோன்றுவது பல நாடுகளில் அறியப்பட்டது.

கிரேக்கத்தின் லவுரியன் இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. பண்டைய ஏதென்சு வெள்ளி எடுத்தபின் கொட்டிய கசடு, கடல்நீரோடு வினைபுரிந்து லவுரியனைட்டு முதலான ஈயக் குளோரைடுகளைத் தந்தது. 19ஆம் நூற்றாண்டில் அவை கனிமங்களாக ஏற்கப்பட்டன. 1995இல் பன்னாட்டுக் கனிமவியல் கழகம் வகுத்த வரையறையின்படி, மனிதர் ஆக்கிய பொருளின்மேல் இயற்கை வினைபுரிந்து உண்டானவை இனிப் புதுக் கனிமங்களாக ஏற்கப்படமாட்டா. முன்னர் ஏற்கப்பட்டவை மட்டும் நீடிக்கும். இவ்விதி நடைமுறைக்கு வேண்டியதே. ஆயினும் லெட்ஹில்ஸ் போன்ற இடத்தில் அதனைச் செயற்படுத்துவது மாதிரியின் வரலாற்றை நம்பியே இயலும். கல் எந்தத் தாதுநாளத்திலிருந்து எடுக்கப்பட்டது, குவியலிலா, கசட்டிலா என்னும் குறிப்பு இல்லாவிடில், நுட்பமான கருவிகளும் விடை சொல்லமாட்டா. அருங்காட்சியகப் பெட்டியில் மங்கிய மையில் எழுதப்பட்ட இடக்குறிப்பு, எக்ஸ் கதிர்ப் படத்துக்கு இணையான சான்றாகும்.

பிளம்போநாக்ரைட்டு

ஹெடில் 1889இல் வான்லாக்ஹெட்டிலிருந்து முத்துப்போல் மின்னும் வெண்செதில் கனிமம் ஒன்றை விவரித்துப் பிளம்போநாக்ரைட்டு எனப் பெயரிட்டார். ஈயத்தையும் முத்துச்சிப்பியின் உட்பூச்சையும் குறிக்கும் சொற்களைச் சேர்த்து ஆக்கிய பெயர் அது. ஹைட்ரோசெருசைட்டிலிருந்து அது வேறானதா என்ற ஐயத்தால் நெடுங்காலம் தனியினமாக ஏற்கப்படாமல் கிடந்தது. பின்னரே அதன் தனித்தன்மை நிறுவப்பட்டது. ஹைட்ரோசெருசைட்டைவிடக் காரத்தன்மை மிகுந்த, கார்பனேட் குறைந்த சூழலில் அது நிலைக்கிறது. கார்பன் டைஆக்சைடு கூடக்கூட ஹைட்ரோசெருசைட்டாகவும், அதன்பின் செருசைட்டாகவும் மாறுகிறது.

2015இல் ஆன்ட்வெர்ப் ஆய்வாளர்கள், வான்கோ 1889இல் தீட்டிய வைக்கோற்போர் ஓவியம் ஒன்றின் வண்ணத்துணுக்கில் இக்கனிமத்தைக் கண்டனர். செந்நிற ஈய ஆக்சைடு வண்ணம் ஒளியாலும் காற்றாலும் வெளிறுகையில், இடைநிலையாகப் பிளம்போநாக்ரைட்டு தோன்றி, புறத்தே ஹைட்ரோசெருசைட்டும் செருசைட்டும் வளையமிட்டிருந்தன. கலீனாவைச் சுற்றி லெட்ஹில்ஸ் மாதிரிகளில் காணும் வளையங்களின் சிற்றுருவம் என்றே அதனைச் சொல்லலாம். ஹெடில் கனிமத்தை அறிவித்ததும் அந்த ஓவியம் பிறந்ததும் ஒரே ஆண்டில் என்பது தற்செயலே.

2023இல் மோனாலிசா ஓவியத்தின் அடிப்பூச்சிலிருந்து எடுத்த மிக நுண்ணிய துணுக்கிலும் பிளம்போநாக்ரைட்டு இனங்காணப்பட்டது. அங்கே செந்நிற ஈயம் வெளிறியதற்கான தடயம் இல்லை. ஆகவே ஆய்வாளர்கள் வேறு காரணத்தை நாடினர். லியனார்டோ எண்ணெயோடு ஈய ஆக்சைடைச் சேர்த்திருக்க வேண்டும்; அதனால் எழுந்த காரச் சூழலே அக்கனிமத்தைத் தோற்றுவித்துக் காத்தது என்பது அவர்கள் முடிவு. அந்த ஈய ஆக்சைடைச் சித்த மருத்துவ நூல் பயில்வோர் மிருதார்சிங்கி என்னும் பெயரால் அறிவர். துணுக்கிலிருந்த வெண்பொருள் ஈய கார்பனேட் வகை என்று மட்டும் முடிவு கட்டி, ஹைட்ரோசெருசைட்டு என்று பொதுவாக எழுதியிருந்தால், ஓவியரின் பட்டறையில் எண்ணெய் காய்ச்சப்பட்ட முறை பற்றிய அச்செய்தி வெளிப்பட்டிராது.